சருகை எரிக்க வேண்டாம். புழுவுக்குப் படுக்கை போடுவோம்

(தை மாத ஜமாஅத் நலக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





கல்வி உதவி, மருத்துவ உதவி பற்றியெல்லாம் பேசி முடித்துவிட்டோம். கடைசியாக என்னிடம் இருப்பது சருகு. மரத்திலிருந்து உதிர்ந்து கிடக்கும் காய்ந்த இலை. இதற்கு ஒரு கூட்டமா என்று சிலர் நினைக்கலாம். ஐந்து நிமிடம் பொறுமையாகக் கேளுங்கள், ஏன் என்று புரியும்.

இது தை மாதம். இன்னும் சில வாரங்களில் நம் ஊர் மரங்கள் இலை உதிர்க்கும். மாசி, பங்குனி இரண்டு மாதமும் வட்டத்துக்கு வட்டம் தெருவோரத்தில் சருகு குவியும். கூட்டிக் குவித்த கையோடு தீயும் வைத்துவிடுகிறோம். அந்தப் புகை மேலே போவதில்லை. காலை நேரத்தில் தரையோடு தரையாகப் படிந்து நிற்கிறது. இழுப்பு நோய் உள்ள பெரியவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார்கள். மக்தபுக்கு நடந்து வரும் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வருகிறார்கள்.

இது ஒரு பக்கம். மறு பக்கத்தைச் சகோதரிகள் அறிவார்கள். நம்மில் பல வீடுகளில் பின்கட்டில் மண்புழுத் தொட்டி இருக்கிறது. வெயில் காலத்தில் ஒழுங்காக நடக்கும் தொட்டி, ஐப்பசி, கார்த்திகை மழையில் நாறத் தொடங்குகிறது. சின்னச் சின்ன ஈ மொய்க்கிறது. புழுக்கள் தொட்டியின் சுவரில் ஏறி வெளியே வந்து விழுகின்றன. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் முகம் சுளிக்கிறார்கள். "இது நமக்குச் சரிப்படாது" என்று தொட்டியைக் கவிழ்த்துவிடுகிறார்கள்.

அந்தத் தொட்டியில் குறைந்தது எது தெரியுமா? காய்ந்த பொருள். பங்குனியில் நாம் எரித்தோமே, அதே சருகுதான். பங்குனிச் சருகை ஐப்பசிக்குச் சேமித்து வையுங்கள். நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒரு விஷயத்தைத்தான். மற்றவை எல்லாம் அதற்கான விளக்கம்.

படுக்கை என்பது என்ன?

மண்புழுத் தொட்டியில் நாம் போடும் காய்கறித் தோல் புழுவின் சாப்பாடு. அது குடியிருக்கும் இடம் வேறு. அதைத்தான் படுக்கை என்கிறோம். புழுவுக்கு நுரையீரல் கிடையாது, தோலால் சுவாசிக்கிறது. தோல் ஈரமாக இருந்தால்தான் சுவாசம் நடக்கும். ஈரத்தோடு காற்றும் வேண்டும். ஆகவே படுக்கை தண்ணீரைப் பிடித்து வைக்கவும் வேண்டும், காற்றோடத்துக்கு இடம் விடவும் வேண்டும். இந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் தொட்டி கெட்டுவிடும்.

கடையில் விற்கும் தென்னை நார்க்கழிவுக் கட்டி இந்த வேலையைச் செய்யும். ஆனால் அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். பழைய செய்தித்தாளையும் கிழித்துப் போடலாம். இப்போது எத்தனை வீட்டில் செய்தித்தாள் வாங்குகிறோம்? சருகுக்கு ஒரு பைசா செலவில்லை. அது நம் வாசலிலேயே விழுகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. எந்தக் கழிவும் நன்றாக மட்க வேண்டுமானால் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் இருப்பது நல்லது. சமையலறைக் கழிவில் பெரும்பாலும் 15 முதல் 25 பங்குதான் கார்பன் இருக்கிறது. அதை மட்டும் போட்டால் குழைந்து, நாற்றம் அடிக்கும். சருகில் 40 முதல் 80 பங்கு வரை கார்பன் இருக்கும். சருகை மட்டும் போட்டால் மாதக் கணக்கில் அப்படியே கிடக்கும். இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றது சரிசெய்கிறது. கண் அளவில் சொன்னால், ஒரு கிண்ணம் காய்கறிக் கழிவுக்கு இரண்டு கிண்ணம் நொறுக்கிய சருகு.

நம் காலடியில் கிடக்கும் பாடம்

நெய்வேலிக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் வெளிப்பட்டு, 1956-இல் நிறுவனம் அமைத்து நாம் வெட்டி எடுக்கும் பழுப்பு நிலக்கரி எங்கிருந்து வந்தது? கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே நின்ற காடு அது. மரமும் இலையும் சதுப்பு நீரில் விழுந்து, மேலே சேறு மூடி, காற்றுப் படாமல் கிடந்தன. காற்றுப் படாததால் முழுதாக மட்கவில்லை. அழுத்தத்தில் இறுகி நிலக்கரியானது.

அதே இலை காற்றும் ஈரமும் உள்ள காட்டுத் தரையில் விழுந்திருந்தால் சில மாதங்களில் மண்ணாகியிருக்கும். பூஞ்சையும் நுண்ணுயிரும் முதலில் அதை இளக்கும். பிறகு புழு தின்று எச்சமாக்கும். இதைத்தான் தொட்டிக்குள் நாம் செய்யப் பார்க்கிறோம். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி நாறும் தொட்டி ஒரு குட்டிச் சதுப்பு. அங்கே காற்று இல்லை. சருகைப் போட்டுக் கிளறினால் காற்று உள்ளே போகிறது.

எரித்தால் என்ன ஆகிறது என்பதையும் பாருங்கள். இலையில் இருந்த கார்பனும் நைட்ரஜனும் புகையோடு போய்விடுகின்றன. தரையில் மிஞ்சுவது கொஞ்சம் சாம்பல். அதில் சாம்பல் சத்தும் சுண்ணாம்பும் மட்டும் இருக்கும். அடுத்த மழையில் அதுவும் சாக்கடைக்குப் போகிறது.

ஆராய்ந்தவர்கள் கண்டது

மண்புழுவும் சருகும் நேற்று சேர்ந்த கூட்டாளிகள் இல்லை. சார்லஸ் டார்வின் தம் கடைசிக் காலத்தில், 1881-இல், மண்புழுவைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். மண்புழு உதிர்ந்த இலையைத் தன் வளைக்குள் இழுத்துச் செல்வதை அவர் இரவில் உட்கார்ந்து கவனித்தார். பெரும்பாலான இலைகளை அது கூரான நுனியைப் பிடித்தே இழுத்தது. அகலமான பக்கத்தைப் பிடித்தால் வளைக்குள் நுழையாது அல்லவா? காகிதத்தை முக்கோணமாக வெட்டிப் போட்டும் சோதித்துப் பார்த்தார். கண்ணில்லாத அந்தச் சிற்றுயிரின் ஏற்பாட்டைக் கண்டு வியந்தார்.

நம் தமிழ்நாட்டில் இந்த விஷயத்தில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் பேராசிரியர் சுல்தான் அஹ்மது இஸ்மாயில். சென்னை நியூ காலேஜ் நம் சமுதாயப் பெரியவர்கள் 1951-இல் தொடங்கிய கல்லூரி. அங்கே விலங்கியல் படித்துக்கொடுத்தபடியே மண்புழுவை ஆராய்ந்தார். மண்புழுவை உழவர்களிடமும் பள்ளிப் பிள்ளைகளிடமும் கொண்டு சேர்த்தார். 2021-இல் மாநில அரசின் வளர்ச்சிக் கொள்கைக் குழுவில் உறுப்பினராக நியமிக்கப்பட்டார்.

வெளிநாட்டுப் புழுவைத் தேடிப் போக வேண்டாம், நம் மண்ணில் உள்ள புழுவே போதும் என்பது அவர் வலியுறுத்திய கருத்து. நாட்டுப் புழுவைச் சேர்க்க ஓர் எளிய வழியையும் பரப்பினார். புழு எச்சம் தெரியும் ஈரமான இடமாகப் பாருங்கள். அரைக் கிலோ வெல்லத்தையும் அரைக் கிலோ பசுஞ்சாணியையும் இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் இடத்தில் தெளியுங்கள். மேலே வைக்கோலும் பழைய சாக்கும் போட்டுத் தினமும் தண்ணீர் தெளித்து வாருங்கள். இருபது முப்பது நாளில் புழுக்கள் அங்கே வந்து கூடும்.

அவர் சொன்ன தொட்டியின் அமைப்பில் அடியில் உடைந்த செங்கல், அதன் மேல் பருமணல், அதற்கு மேல் ஒரு சாண் அளவுக்கு நல்ல மண், அங்கங்கே சாணி உருண்டை, எல்லாவற்றுக்கும் மேல் சருகு அல்லது வைக்கோல். சருகுப் போர்வை இல்லாமல் அந்த அமைப்பு நிறைவு பெறாது.

அடுத்த செய்தி நம் பக்கத்து ஊரிலிருந்து. நம் தெருக்களில் வேம்பு அதிகம். "வேப்பிலை கசப்பு, பூச்சிகொல்லி, புழு செத்துவிடாதா?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் எஸ். கஜலட்சுமியும் எஸ். ஏ. அப்பாஸியும் இதையே சோதித்து 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். வேப்பிலையை முதலில் மட்கவைத்து, பிறகு புழுவுக்குக் கொடுத்தார்கள். பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. புழுக்கள் ஆர்வமாகத் தின்றன. மாவிலைச் சருகு கொடுத்தபோது வளர்ந்ததைவிட வேகமாக வளர்ந்து பெருகின. அந்த உரம் கத்தரிச் செடிக்கும் நல்ல பலன் கொடுத்தது. "முதலில் மட்கவைத்து" என்ற சொல்லை மட்டும் மனத்தில் வையுங்கள். அதற்குத் திரும்பி வருகிறேன்.

எந்தச் சருகு?

தூங்குமூஞ்சி, வாகை இலைகள் சிறியவை, சத்தும் உள்ளவை. நொறுக்கத் தேவையில்லை, சீக்கிரம் மட்கும். புங்கம், வேம்பு நல்லவை. மா, பலா, முந்திரி, நாட்டு வாதுமை இலைகள் தடித்தவை. மெல்லத்தான் மட்கும், கண்டிப்பாக நொறுக்க வேண்டும். தேக்கிலையும் அப்படியே.

தைலமர இலை வேண்டாம். அதில் உள்ள எண்ணெய் புழுவுக்கு ஆகாது. அரளி இலை விஷம், அதைத் தொட்டிப் பக்கமே கொண்டுவர வேண்டாம். சவுக்கு ஊசி மட்க நாளாகும். கொஞ்சம் கலந்தால் குற்றமில்லை. மருந்து தெளித்த செடியின் இலை, பாலிதீன் கலந்த தெருக் குப்பை இரண்டையும் ஒதுக்குங்கள். போக்குவரத்து மிகுந்த சாலையோரச் சருகில் தூசி படிந்திருக்கும். அதை ஒருமுறை தண்ணீரில் அலசிப் போடுங்கள்.

படுக்கை போடும் முறை

சருகில் ஒரு குறை உண்டு. முழு இலையாக நனைத்துப் போட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, தோசையை அடுக்கியது போலப் படிந்துவிடும். அந்த அடுக்குக்குள் காற்றும் போகாது, புழுவும் போகாது. சருகுப் படுக்கை போட்டும் பலன் இல்லை என்று சிலர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே முதலில் நொறுக்குங்கள். நன்றாகக் காய்ந்த சருகைச் சாக்கில் போட்டு வாயைக் கட்டி, மேலே ஏறி மிதித்தால் போதும். பிள்ளைகளிடம் விட்டால் சந்தோஷமாகச் செய்வார்கள். அது தூளாக வேண்டியதில்லை, கால் ரூபாய்க் காசு அளவில் உடைந்தால் சரி.

பிறகு ஊற வையுங்கள். காய்ந்த சருகு உடனே தண்ணீரைக் குடிக்காது, மேலாக வழியவிடும். ஓர் இரவு முழுக்க வாளியில் ஊறட்டும்.

ஊறியதை வடித்து, சாணிக் கரைசல் தெளித்து நிழலில் குவித்து வையுங்கள். இரண்டு மூன்று வாரம் கிடக்கட்டும். வாரம் ஒருமுறை புரட்டிவிடுங்கள். அந்தக் குவியல் முதலில் சூடேறும். உள்ளே கையை விட்டால் சுடும். அந்தச் சூட்டில் புழுவை விட்டால் வெந்துவிடும். சூடு தணிந்த பிறகுதான் தொட்டிக்குப் போக வேண்டும். புதுச்சேரியில் "முதலில் மட்கவைத்து" என்று பார்த்தோமே, அதன் வேலையும் இதுதான்.

தொட்டியின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை வேண்டும். முக்கால்வாசிக்குச் சற்றுக் குறைவாகப் படுக்கையை நிரப்புங்கள். கொஞ்சம் தென்னை நாரோ கிழித்த அட்டைப் பெட்டியோ கலந்தால் சருகு படியாது. இரண்டு கைப்பிடி தோட்டத்து மண்ணும் போடுங்கள். புழுவுக்குப் பல் கிடையாது. அந்த மணல்தான் அதன் வயிற்றுக்குள் அரைக்கும் கல்.

ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு விழுந்தால் சரி. ஒழுகினால் அதிகம், சொட்டே இல்லையென்றால் குறைவு.

கழிவைப் போடும்போது படுக்கையை ஒரு மூலையில் விலக்கி, உள்ளே போட்டு மூடுங்கள். மேலே இரண்டு விரல் கனத்துக்குக் காய்ந்த நொறுக்குச் சருகு எப்போதும் இருக்கட்டும். ஈ அண்டாது, வாடையும் வராது. கோடையில் நம் ஊர் வெயில் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 35 டிகிரியைத் தாண்டினாலே புழு தவித்துப் போகும். தொட்டியை நிழலில் வைத்து ஈரச் சாக்கால் மூடுங்கள். தடித்த சருகுப் போர்வை வெயிலுக்கும் கூரையாக இருக்கும்.

ரமலானும் குர்பானியும்

இப்போதைய சில ஆண்டுகளாக ரமலான் மாசி, பங்குனியை ஒட்டி வருகிறது. இலை உதிரும் காலமும் அதுவே. நோன்பு திறக்கும் நேரத்தில் தர்பூசணி, முலாம்பழம், வாழைப்பழம் என்று பள்ளிவாசலிலும் வீட்டிலும் தோல் மூட்டை மூட்டையாகச் சேர்கிறது. தர்பூசணித் தோல் பெரும்பாலும் தண்ணீர். அதை அப்படியே தொட்டியில் கொட்டினால் ஒரே வாரத்தில் தொட்டி குளமாகிவிடும். சிறிதாக நறுக்கி, இரண்டு மடங்கு காய்ந்த சருகோடு கலந்து போட்டால் சருகு அந்த நீரைக் குடித்துக்கொள்ளும். தோலும் வீணாகாது, சருகும் வீணாகாது.

சர்பத்துக்குப் பிழிந்த எலுமிச்சைத் தோல் அளவோடு இருக்கட்டும். பேரீச்சங்கொட்டை மட்காது, எடுத்துவிடுங்கள். மிஞ்சிய நோன்புக் கஞ்சி, பிரியாணி, சால்னா எதுவும் தொட்டிக்கு ஆகாது. உப்பும் எண்ணெயும் புழுவைக் கொல்லும்.

குர்பானி சமயத்தில் ஒன்றை அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன். இறைச்சி, கொழுப்பு, எலும்பு, குடல், இரத்தம் இவற்றில் எதுவும் மண்புழுத் தொட்டியில் போகக் கூடாது. நாற்றம் எடுக்கும், எலியும் நாயும் வரும், நோயும் வரும். அவற்றை ஜமாஅத் ஏற்பாட்டின்படி ஆழமாகக் குழி தோண்டிப் புதைப்பதே முறை.

சட்டமும் கூட்டுபவர்களும்

எரிப்பது உடலுக்குக் கேடு என்பதோடு சட்டத்துக்கும் விரோதம். 2016-இல் மத்திய அரசு கொண்டுவந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையைத் தெருவிலோ பொது இடத்திலோ எரிக்கக் கூடாது என்றும், தோட்டக் கழிவைத் தனியாகச் சேர்த்து வைக்க வேண்டும் என்றும் கூறின. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், குப்பையைத் திறந்தவெளியில் எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று நாடு முழுவதற்கும் அபராதம் விதித்தது.

ஆனால் அபராதத்தைக் காட்டி யாரையும் மிரட்டுவது நம் நோக்கமில்லை. விடியற்காலையில் தெருவைக் கூட்டும் பெண்களைப் பாருங்கள். கூட்டிய சருகை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? இடம் இல்லாததால்தான் தீ வைக்கிறார்கள். "எரிக்காதீர்கள்" என்று சொல்வதற்கு முன் "இங்கே போடுங்கள்" என்று நாம் ஓர் இடத்தைக் காட்ட வேண்டும்.

செய்யப்போவது

அதற்காக மூன்று ஏற்பாடுகளை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, நம் பள்ளிவாசல் வளாகத்திலும் மையவாடியிலும் இந்த ஆண்டு முதல் சருகை எரிப்பதில்லை. கம்பி வலையை வட்டமாகக் கட்டி இரண்டு இடத்திலும் சருகுக் கூண்டு வைக்கிறோம். மையவாடி வக்ஃபுச் சொத்து. அங்கே உதிரும் சருகும் அதைச் சேர்ந்தது. எனவே அந்தக் கூண்டின் உரம் அங்குள்ள மரங்களுக்கே போகும். வீட்டுத் தொட்டிக்கு யாரும் அங்கிருந்து எடுக்க வேண்டாம். கபுரைச் சுற்றி முளைக்கும் களையை எரிப்பதும் இதோடு நிற்கும். 2011 டிசம்பர் 30-இல் வீசிய தானே புயலில் நம் ஊர் எத்தனை மரங்களை இழந்தது என்பதை நாம் அறிவோம். பிறகு நட்டு வளர்த்தவற்றுக்கு இந்தச் சருகே உரமாகட்டும்.

இரண்டாவது, தொட்டி வைத்திருக்கும் ஒவ்வொரு வீடும் தன் வாசலிலும் தெருவிலும் விழும் சருகிலிருந்து பங்குனி முடிவதற்குள் நான்கு சாக்கு சேமித்துக்கொள்ள வேண்டும். நன்றாகக் காயவைத்து, காற்றுப் போகும் சணல் சாக்கில் கட்டி, மழை படாத இடத்தில் செங்கல்லின் மேல் வையுங்கள். அடுப்புக்கும் மின்சாரப் பெட்டிக்கும் பக்கத்தில் வைக்க வேண்டாம். சருகு சட்டென்று பற்றும். குவியலில் வெறுங்கையை விடாதீர்கள். தேளும் பாம்பும் அங்கே குளிர்ச்சி தேடி வரும். முதலில் ஒரு குச்சியால் கிளறிவிட்டு எடுங்கள்.

மூன்றாவது, தொட்டி இல்லாத வீட்டாரும் கூட்டுபவர்களும் சருகைக் கொண்டுவந்து பள்ளிவாசல் கூண்டில் போடலாம். மழைக்காலத்தில் எந்த வீட்டில் சருகு தீர்ந்தாலும் அங்கிருந்து வாங்கிக்கொள்ளலாம். மதம், ஜாதி பார்க்காமல் பக்கத்து வீட்டாருக்கும் கொடுங்கள். தொட்டி வைத்திருக்கும் எந்த வீட்டுக்கும் இது பயன்படும். அதன் கணக்கை மகளிர் குழு பார்த்துக்கொள்ளும்.

சகோதரிகளே, தொட்டியில் உரம் எடுத்து முருங்கைக்கும் கத்தரிக்கும் போடுகிறவர்கள் இருக்கிறீர்கள். நர்சரிக்கு விற்று நாலு காசு பார்க்கிறவர்களும் இருக்கிறீர்கள். கணவரை இழந்து, பிள்ளைகளின் நோட்டுப் புத்தகச் செலவை அந்தக் காசில் சமாளிக்கும் சகோதரி ஒருவர் இந்தக் கூட்டத்திலேயே அமர்ந்திருக்கிறார். மழைக்காலத்தில் ஒரு தொட்டி கெட்டால், அந்த வீட்டில் குறைவது உரம் மட்டுமில்லை. நான்கு சாக்குச் சருகு அந்த இழப்பைத் தடுக்கும் என்றால், அதை எரிக்க நமக்கு மனம் வருமா?

மார்க்கம் வீண்விரயத்தைத் தடுத்திருக்கிறது என்று சின்ன வயதிலிருந்து ஓதி வருகிறோம். தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது, உளூவுக்குத் தண்ணீரைக் கொட்டக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். உதிர்ந்த இலையும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். இந்த மண்ணும் மரமும் நம் கையில் கொடுக்கப்பட்ட அமானிதம்.

வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு இளைஞர்கள் கூண்டு கட்டும் வேலையைத் தொடங்குவார்கள், இன்ஷா அல்லாஹ். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கம்பி வலை, சணல் சாக்கு இருந்தால் கொண்டுவந்து கொடுங்கள். புதிதாக எதையும் வாங்க வேண்டாம்.

அல்லாஹ் நம் சிறு முயற்சியை ஏற்றுக்கொள்வானாக. வஸ்ஸலாம்.